கறுப்பு டேப் ஒட்டிய மூடி

மாலை நான்கரை மணிக்கு அண்ணன் போன் செய்தார். “உங்க அண்ணி போயிட்டா பாப்பா.” மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு எழுப்பப் போனபோதுதான் அண்ணனுக்கே தெரிந்திருக்கிறது.

அழுகை ஓய்ந்த பிறகு நினைவுக்கு வருவதெல்லாம் அண்ணி சிரித்த சிரிப்பாகவே இருக்கிறது.

அண்ணனுக்குப் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை. நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. நிறம் அண்ணியின் பொறுப்பு. ஒரு வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று என்ன நிறத்தில் இருந்ததோ, அதே நிறத்தைக் கலந்து எடுப்பார். இருவரும் சந்தித்ததே பெயிண்ட் கடையில்தான். கலந்து கொடுத்த நிறம் தப்பு என்று அண்ணன் போய்க் கத்த, கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண், “ஈரத்துல பாத்துட்டுச் சண்டைக்கு வராதீங்க. காயட்டும்” என்றாராம். “காய்ஞ்சதும் சரியாயிடுச்சு. அதுக்கப்புறமும் நான் போய்க்கிட்டேதான் இருந்தேன்” என்பார் அண்ணன்.

வேலை நாட்களில் அண்ணி சாம்பல் நிறச் சேலைதான் கட்டுவார். சிவப்பு கட்டிக்கொண்டு நின்றால் அதன் சாயல் தகட்டில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம். என் கல்யாணத்துக்குக் கிளிப்பச்சையில் வந்து நின்றார். பட்டறை ஆட்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

“என்ன அண்ணி இது?”

“இன்னைக்கு லீவு பாப்பா.”

கடைசியாகச் செய்த வண்டி நர்ஸம்மாவுடையது. ஓய்வு பெற்றவர். இளவயதில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்க அந்தக் காரைத்தான் ஓட்டியிருக்கிறார். இடையில் விற்றுவிட்டார். பல கை மாறி, எங்கோ செங்கல் நிறத்தில் கிடந்ததைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கியிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“நான் முதல் நாள் சாவி வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படி வேணும்.”

“அப்படியே தர்றேன்” என்று அண்ணி வாக்குக் கொடுத்தார்.

வெயில் படாத இடத்தில்தான் பழைய நிறம் கெடாமல் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் நம்புவது. அண்ணி டேஷ்போர்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பிறகு வந்த பெயிண்டர்கள் எல்லோரும் வெளிப்பக்கம் அடித்துவிட்டு உட்பக்கத்தை அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே பாலாடை போல ஒரு மஞ்சள். அதைப் பார்த்துக் கலந்து, வண்டி முழுக்க அடித்தும் ஆகிவிட்டது.

நர்ஸம்மா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் சுருங்கிவிட்டது.

“இது என் வண்டி இல்லையேம்மா. என்னுது சுத்த வெள்ளை. யூனிஃபார்மோட பக்கத்துல நின்னா ரெண்டும் ஒண்ணாத் தெரியும்.”

“உங்களுக்கு மறந்திருக்கும் நர்ஸம்மா. மூடி பொய் சொல்லாது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“சேச்சே! யூனிஃபார்மை நீங்க சரியா வெளுத்திருக்க மாட்டீங்க.”

“இவ வாய்க்குப் பூட்டே கிடையாதும்மா” என்றார் அண்ணன். “நீங்க ஒரு நாள் கேக்குறீங்க. நான் தினம் கேக்குறேன்.”

நர்ஸம்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாள் சாட்சியோடு வந்தார்: டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த பழைய யூனிஃபார்ம். எல்லோர் முன்னாலும் உதறி விரித்தார். வண்டிக்குப் பொருத்தம் பார்த்துச் சாயம் போட்டதுபோல அதே மஞ்சள்! அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயோ, போட்டுக்கிட்டிருந்தப்ப பளிச்சுன்னு இருந்துச்சே! பெட்டிக்குள்ளயே கிடந்து பழுத்துப்போச்சு.”

ஜெயித்தது அண்ணிதான். ஆனால் அவர் மட்டும் சிரிக்கவில்லை. யூனிஃபார்மையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியின் உட்பக்கமும் இத்தனை வருஷம் இருட்டில் கிடந்ததுதானே? அதில் பாதியைக் கறுப்பு டேப்பால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் சாய்த்து வைத்தார்.

“எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க நர்ஸம்மா.”

சில வாரம் கழித்து டேப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மஞ்சள் அப்படியே இருந்தது. வெயில் பட்ட பாதி வெள்ளை. அந்தக் கால வெள்ளைப் பெயிண்ட் வெளிச்சமே இல்லாமல் கிடந்தால் மஞ்சளாகிவிடும், வெளிச்சம் பட்டால் பழையபடி திரும்பும் என்பது அன்றுதான் அவருக்குப் பிடிபட்டது. உடனே எனக்குப் போன். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

“பாப்பா, உன் அண்ணி சரியான அசடு. இத்தனை வருஷமா வெயிலையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!”

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “முழு வண்டியுமா மறுபடியும்?”

“முழு வண்டியும்தாங்க. வாக்குக் குடுத்திருக்கேன்ல?”

“குடுத்தது நீ. தேய்க்கறது நானா?”

தேய்த்தார். வெயில் பட்ட பாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணி வெள்ளையைக் கலந்தார்.

இந்த முறை நர்ஸம்மா வண்டியைச் சுற்றவில்லை. நேரே போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, “வந்துட்டியா?” என்றார், வண்டியிடம். அண்ணி ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஸ்ப்ரே கன்னை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

“மூடி எங்கம்மா?”

“அது இன்னும் வெளுக்குதான்னு பாக்கணும். அடுத்த வாரம் அடிச்சுத் தர்றேன்.”

“மெதுவாக் குடு. திறந்து கிடந்தா மூக்குக்கண்ணாடி எடுக்க வசதிதான்” என்று சொல்லி நர்ஸம்மா தானே ஓட்டிக்கொண்டு போனார்.

துக்கம் விசாரிக்கவும் அந்த வெள்ளை வண்டியில்தான் வந்தார். மூடியைப் பற்றிக் கேட்கவில்லை. அது பட்டறை ஜன்னலில்தான் இருக்கிறது. டேப்பை இன்னும் யாரும் உரிக்கவில்லை.