ஊசி இல்லாத வியாழன்

மார்பில் வந்த புற்றுநோய்க்காக எனக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. அந்த ஊசி சிலருக்கு இதயத்தின் பலத்தைக் குறைத்துவிடுமாம். யார் கண்டுபிடித்த மருந்தோ, அவருக்கு ஒரு கும்பிடு. இதயம் தாங்குகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற ஸ்கேன் எடுத்து, இதயம் தன்னிடம் வரும் ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஊசி நின்றால் நோய் திரும்பிவிடுமோ என்பது என் பயம்.

முதல் தடவை அறுபத்திரண்டு. அம்பத்தூரில் ஸ்கேன் எடுக்கும் பெண் என்னை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, ஜில்லென்று பசையைத் தடவி, திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

“சில பேருக்குப் படமே வராதுக்கா. உங்களுக்குக் கண்ணாடி மாறி கீது.”

“அங்கதான் ஒண்ணும் இல்லையே. எடுத்துட்டாங்கல்ல” என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு என் மார்பை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் மட்டும் வரிசையில் நின்றா பாராட்டினார்கள்?

மூன்றாவது எக்கோவில் அவள் திரையில் கோடு இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். நான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் குவாலிட்டி பார்ப்பவள். ஒரே அளவை ஒருவர் இரண்டாம் முறை எடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“எவ்வளவு?”

“டாக்டர் சொல்லுவாருக்கா.”

“நீ சொல்லு.”

“நாப்பத்தொம்போது.”

லேத்தில் நிற்கும் ஆட்கள் எத்தனை பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள், “ஒரு புள்ளிதானே யக்கா, உட்ருங்க” என்று. ஒரு நாளும் விட்டதில்லை. வெர்னியர் அளவுகோலைக் காட்டி, கழித்ததைப் போடும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுப்பேன். இப்போது மேலாடை இல்லாமல் படுத்துக்கொண்டு நான் கெஞ்சினேன்.

“இன்னொரு தடவை அளந்து பாரும்மா. ஒண்ணுதானே குறையுது.”

அவள் முகம் சுளிக்காமல் அளந்தாள். நாற்பத்தொன்பதேதான். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகவே சொன்னார். “ரெண்டு ஊசியை நிறுத்தி வைப்போம். இதயத்துக்கு மாத்திரை தரேன். ஆறு வாரம் கழிச்சு மறுபடி எக்கோ பார்ப்போம், நிறைய பேருக்கு ஏறிடும். கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க, அவங்களுக்கும் விளக்கிடறேன்.”

“என்கிட்டயே சொல்லிடுங்க சார்” என்றேன். அவர் அதையே இன்னொரு முறை என்னிடம் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமைக்கு ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டு வீட்டில் காலையில் குளித்து, ஊசிக்குத் தோதான தொளதொளத்த ரவிக்கையைப் போட்ட பிறகுதான், போக வேண்டியதில்லை என்பது உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நோய் திரும்பிவிடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அழுகை வந்தது வேறொன்றுக்காக. ஊசி போடும் வார்டில் ஒரு நர்ஸ் என் வலது கையை மடியில் வைத்து, தட்டித் தட்டி நரம்பு தேடுவாள். சில நாள் கால் மணி நேரம்கூட ஆகும். மூன்று வாரத்தில் என்னை ஒருவர் தொடுவது அந்தக் கால் மணி நேரம்தான். அது ஊசியோடு சேர்ந்து நின்றுபோன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பத்தரை மணிக்கு போன் அடித்தது. அந்த நர்ஸ்தான். ஊசி நிறுத்திய விவரம் வார்டு பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

“இன்னாக்கா, இன்னிக்கி உன் ஊசி ஆச்சே, ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? சாப்ட்டியா?”

நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். “சரிக்கா” என்று வைத்துவிடுவாள்.

“பஸ்ஸே வரலம்மா. ஆவடி ஸ்டாண்டுலதான் நின்னுட்டிருக்கேன்” என்றேன்.

“பதறாத, மெதுவா வா. நான் இங்கதான் கீறேன்” என்றாள்.