இருநூற்றுப் பன்னிரண்டாவது படிக்கு மேலே

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பதினேழு வருஷமாக லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தாள் அவள். காலை ஒன்பது மணிக்கு அந்த இரும்புப் பெட்டிக்குள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், "அக்கா, ஆறு", "அக்கா, மூணு" என்று வருகிறவர்களை ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும். எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. நாள் பூராவும் மேலும் கீழுமாகப் போய் வந்தாலும் கால் நாலு எட்டு வைத்திருக்காது.

அதன் பலன் மூன்று வருஷத்துக்கு முன், நாத்தனார் குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குப் போனபோது தெரிந்தது. மொத்தம் அறுநூற்று எண்பது படி. இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். கூலிக்கு ஆள் சுமக்கும் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிவந்தார்கள். பின்னால் பிடித்தவருக்கு அவளைவிட வயது அதிகம். அவருடைய மூச்சு அவள் பிடரியில் பட்டுக்கொண்டே வந்தது.

அதற்கப்புறம் நாத்தனார் அந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. "எங்க அண்ணி சாமிய பாக்கல, ஆனா பல்லக்குல போயிட்டு வந்தாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிடரி மட்டும் குறுகுறுக்கும்.

ஒரு நாள் காலை, மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள்.

"ஏங்க, மறுபடியும் அந்த மலைக்குப் போகணும்."

"போலாமே. இப்ப ரோப் கார் விட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல மேல."

"நான் ஏறித்தான் போவேன்."

"வேண்டுதலா?"

"அதெல்லாம் இல்ல. நாலு பேர் தூக்குற நாள் எப்படியும் வரும், அது எனக்குத் தெரியப்போறதில்ல. உசிரோட இருக்கும்போது இன்னொருத்தருக்குப் பாரமா போக மாட்டேன்."

டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஏறக் கூடாதுன்னு சொல்லல. பழக்கமில்லாம ஏறாதீங்க. இறங்கும்போதுதான் முட்டிக்கு ஆபத்து, அத ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார்.

மறுநாளே பழக ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டை இன்னொருவர் பார்த்துக்கொள்ள, இவள் படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். சுவரோரம் உடைந்த நாற்காலிகளும் பழைய ஃபைல் மூட்டைகளும் கிடந்தன. மாடிக்கு இருபத்திரண்டு படி. முதல் நாள் இரண்டு மாடியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. வாட்ச்மேன் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"லிஃப்டக்காவே படியில ஏறினா, நாங்க எத நம்பிப் போறது?"

"வழிய விடுங்க, மூச்ச வீணாக்காதீங்க" என்றாள்.

ஒரு மாதத்தில் எட்டு மாடி ஏறினாள். ஏறியதும் லிஃப்டில் இறங்கி, மறுபடி ஏறுவாள். ஐந்தாவது மாதம் ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் நின்று நின்று நாலு தடவை ஏறிவிட்டாள். எழுநூற்று நாலு படி. அன்று சாயங்காலமே கணவரிடம் பயணத்துக்குச் சொல்லிவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நின்றார்கள். "நான் மேல போய் நிக்கறேன். முடியலன்னா போன் பண்ணு" என்று அவர் ரோப் காருக்குப் போனார்.

அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள். கல்படி கட்டடத்துப் படி மாதிரி ஒரே அளவாக இல்லை. ஒன்று முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது சாண்கூட இருக்காது. இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நிற்கவில்லை. இருநூற்று நாற்பதில்தான் உட்கார்ந்தாள். நாற்காலிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தூக்கிட்டுப் போகவாம்மா?"

"வேணாம்ப்பா. நீங்களும் செத்த உக்காருங்க."

அவரும் உட்கார்ந்தார். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள், குடித்துவிட்டுக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு உச்சியில் கணவர் வாயைப் பிளந்து நின்றார். "நிஜமாவே ஏறிட்டியே" என்றார்.

வரிசையில் நின்று பத்தரைக்குச் சன்னிதிக்குள் போனார்கள். நெரிசல், புழுக்கம். அவள் நிமிர்ந்து பார்க்கும் நேரம் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. மங்கலாக ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது. துடைப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து, "நான் பாக்கல" என்றாள்.

"சாமி உன்னப் பாத்திருக்கும், வா."

"அது போதாது."

மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினைந்து பேர் இருக்கும்போது நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் கம்பியைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர் போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டார்.

நாலு மணிக்கு நடை திறந்தது. வாசல்படி தாண்டும் முன் அவர் அவள் கண்ணாடியைக் கழற்றி, கடையில் செய்வதுபோல ஊதி, சட்டைப்பையிலிருந்த துணியால் துடைத்து மாட்டிவிட்டார். இந்தத் தடவை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: எண்ணெய்க் கருமை, மாலை, இரண்டு கண்கள். மகளுக்கு வேலையில் மாற்றல், முட்டிக்கு ஆயுசு என்று கேட்க நினைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

வெளியே அவர் கேட்டார். "என்ன வேண்டின?"

"வந்துட்டேன்னு சொன்னேன்."

படியை எட்டிப் பார்த்தாள். தொடை இரண்டும் தந்தி அடித்தன. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"ரோப் கார்லயே போயிடலாம்" என்றாள்.

"உன் நாத்தனார்கிட்ட என்ன சொல்றது?" என்று குறும்பாகக் கேட்டார்.

"அது உங்க தங்கச்சி. ஏறினேன்னு சொல்லுங்க. இறங்கினத அவ கேக்க மாட்டா."

வண்டிக்குள் சன்னலோர இடம் கிடைத்தது. கதவு சாத்தி, வண்டி அசைவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.