லாரி மிஸ்

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவருக்கு ஐம்பதைத் தொடும் முன்பே இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நடங்க, நில்லுங்க, படுங்க. ஒரே எடத்துல உக்காந்து கெடக்கறத மட்டும் மறந்துடுங்க. குனிஞ்சு எதையும் தூக்காதீங்க, முட்டி போட்டுத் தூக்குங்க" என்றார். உட்கார்ந்தே சோறு சம்பாதித்த மனிதரிடம் இதைச் சொல்வது மீனிடம் கரையேறச் சொல்வது மாதிரி. லாரிக்காரர் எக்ஸ்ரேயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வேறு வேலை எதுவும் தனக்குத் தெரியாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். தெரியும். லாரியில் அவரும் மீசை என்று அழைக்கப்பட்ட இன்னொரு ஓட்டுநரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஐந்து நாள், ஆறு நாள் பயணம். ஓரமாக வண்டியை நிறுத்தி, அடுப்பு பற்றவைத்து, வெங்காயம் நறுக்கி, சோறு வடித்து இரண்டு பேருக்கும் போடுவது இவர்தான். துணி துவைப்பதும் கிழிந்த சட்டையைத் தைப்பதும் இவர்தான். மீசைக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து ஊட்டியும் இருக்கிறார். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இத்தனை வித்தைகளையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். உள்ளே வந்தால் தண்ணீர்கூட யாராவது கொண்டுவந்து தர வேண்டும்.

இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. ரோட்டில் செய்தால் பிழைப்பு, வீட்டில் செய்தால் பொம்பளை வேலை. இப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லவில்லை. சளி பிடிப்பது மாதிரி அது தானாகப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் அக்கா வீட்டைப் பெருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தூக்கிக்கொள்வதுதான் வீட்டு வேலையில் அவருடைய பங்கு. அதையும் சில நாள் மறந்துவிடுவார்.

அந்த அக்கா இப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் மூன்று அறை, ஒரு சமையலறை, பின்னால் மணல் கொட்டிய முற்றம். வேலைக்குப் போகும் தாய் தகப்பன்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போகும் முப்பது உருப்படிகள். இரண்டு உதவியாளர்கள் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். அக்கா நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார்.

"டேய், சும்மாதான கெடக்குற. ரெண்டு நாளைக்கு வா."

"நானா? பொடிசுங்களோடயா? ஆளப் பாத்துப் பேசுக்கா."

"ஆளப் பாத்துதான் பேசறேன். நீ ஏத்துன லோடுல இதுங்க முப்பதும் ஒரு மூலைக்கு வராது."

முதல் நாளே பெயர் விழுந்தது. அக்கா அவரை முன்னால் நிறுத்தி, "இவங்கள மாமான்னு கூப்புடணும்" என்றார். குழந்தைகள் தலையாட்டின. அரை மணி நேரத்தில் ஒரு மூக்கு ஒழுகியது. அவர் துடைத்துவிட்டார். துடைக்கப்பட்ட மூக்கு நிமிர்ந்து, "தேங்க்யூ மிஸ்" என்றது.

"மிஸ் இல்ல கண்ணு, மாமா."

நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி குறுக்கே வந்தாள். யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எந்தப் பொம்மை என்று தீர்மானிப்பவள் அவள். அக்காவே அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார். "மாமா வீட்டுக்கு வருவாங்க, பிஸ்கட் தருவாங்க, போயிடுவாங்க," என்று மேனேஜர் விளக்கினாள். "இங்க இருக்கறவங்க மிஸ்."

சார் என்று மாற்றிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. மூக்கைத் துடைப்பவர், டயப்பர் மாற்றுபவர், தட்டில் சோறு போடுபவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் மிஸ். மீசை இருந்தால் மீசை உள்ள மிஸ். நான்கு நாளில் லாரிக்காரரே கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது. முட்டி போட்டுத் தூக்கச் சொன்ன டாக்டரின் புண்ணியத்தில் அவர் எப்போதும் குழந்தைகளின் முகத்துக்கு நேராகவே இருந்தார். கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தார்ப்பாய் கட்டிய கை. ஒரு மடிப்பு உள்ளே, ஒரு மடிப்பு குறுக்கே, கடைசி நுனியை ஒரு செருகு. எந்த மேட்டுப்பள்ளத்திலும் அவிழாது. கத்திக்கொண்டிருந்த குழந்தை சுற்றி முடித்ததும் ஏதோ ஊருக்கு அனுப்பப்படும் பார்சல் மாதிரி அமைதியாகிவிடும்.

மதியத் தூக்கத்துக்குப் பின் குழந்தைகள் வீட்டு விளையாட்டு விளையாடும். ஒருநாள் பொத்தான் என்ற பையன் விளையாட்டு அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தானை எப்போதும் ஒரு ஓட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதால் அவனுக்கு அந்தப் பெயர். மேனேஜர் கரண்டியைப் பிடுங்கினாள்.

"ஆம்பளைங்க சமைக்க மாட்டாங்க."

பொத்தான் அழப்போகிற முகத்தோடு லாரிக்காரரைப் பார்த்தான். லாரிக்காரர் முட்டி போட்டு நடுவில் வந்தார். "யார் சொன்னா? நான் இருவது வருசம் லாரில சமைச்சிருக்கேன்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க மிஸ் இல்ல?"

வழக்கு தள்ளுபடி. இருபது வருடச் சமையல் ஒரே கேள்வியில் செல்லாமல் போனது. அதோடு விடாமல் அவருக்கும் ஒரு வேடம் கொடுத்தாள். "நீங்க அப்பா. இந்தாங்க போன்." ஒரு மரக்கட்டையைக் கையில் திணித்தாள். "சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தார். பக்கத்தில் 'அம்மா'வான மேனேஜர் ஒரு கையில் பொம்மைக் குழந்தை, ஒரு கையில் கரண்டி, காலால் தொட்டிலை ஆட்டல் என்று மூச்சுவிட நேரமில்லாமல் பறந்துகொண்டிருந்தாள். பொம்மைத் தட்டு ஒன்று கீழே விழுந்தது. லாரிக்காரர் எடுக்கப் போனார்.

"அப்பா எந்திரிக்கக் கூடாது," என்றாள் மேனேஜர். "சத்தம் போடாதீங்கன்னு சொல்லணும்."

"சத்தம் போடாதீங்க" என்றார் லாரிக்காரர், மரக்கட்டையைப் பார்த்தபடி. சுற்றியிருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அது சரியாகப் பட்டது. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதே நாடகம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. இடுப்பு வேறு வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் திறந்து மோந்து பார்த்தார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டுக் காரமாக ஒரு பிரட்டல், சோறு, ரசம் என்று இறக்கினார். மனைவி துணி ஆலையில் முப்பது தையல் மிஷின்களுக்கு சூப்பர்வைசர். ஏழு மணிக்கு வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. நான்தான் செஞ்சேன்."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வா."

மனைவி சாப்பிட்டார். பத்தாவது படிக்கும் மகளும் சாப்பிட்டாள். மகள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். லாரிக்காரர் பாராட்டுக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

"இது எப்போ கத்துக்கிட்டது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். லாரில நான்தான சமையலு."

"அப்போ எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தப்ப உங்களுக்கு இது தெரியும்."

லாரிக்காரர் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு வாரம் லீவு போட்டு வீட்ல இருந்தீங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா கஞ்சி கொண்டாந்தாங்க. நீங்க அத வாங்கி என் பக்கத்துல வச்சீங்க. 'ஆறிடும், குடி'ன்னீங்க. தெரியாத ஆளுன்னு இத்தன வருசமா மன்னிச்சு வச்சிருந்தேன்."

மூன்று நாள் மனைவி அவரோடு பேசவில்லை. சமைத்து வைத்ததற்காக வீட்டில் பேச்சு நின்றுபோன முதல் ஆண் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நாலாம் நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆலையில் ஷிப்டு போடுவது மாதிரி கிழமைகளும் பெயர்களும் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. அவருக்கு வாரத்தில் நான்கு நாள். எதிர்த்துப் பேசும் யோக்கியதை தனக்கு இல்லை என்பதால் அப்படியே ஏற்றுக்கொண்டார், கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

காப்பகத்தில் வேறு புயல் அடித்தது. இரண்டு தாய்மார்கள் அக்காவிடம் தனியாக வந்து, தயங்கித் தயங்கி, ஓர் ஆண் எப்படிப் பெண் குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றலாம் என்று கேட்டார்கள். அக்கா அதைத் தம்பியிடம் மறைக்கவில்லை. அன்று அவர் பஸ் நிறுத்தத்தில் நின்று, தன் வழியில் போகும் மூன்று பஸ்களை விட்டுவிட்டார். கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மாக்கள் இடத்தில் இருந்தால் தானும் கேட்டிருப்பார் என்பதும் தெரிந்தது. மறுநாள் காலை அக்காவிடம் சொன்னார்.

"டயப்பர் மாத்தற ரூம் கதவுல பெரிய கண்ணாடி போட்டுடு. வெளிய இருந்து எல்லாம் தெரியட்டும். எனக்கு மட்டுமில்ல, எல்லா மிஸ்ஸுக்கும்."

கண்ணாடி வந்தது. ஒரு தாய் சமாதானமானார். இன்னொருவர் குழந்தையைக் கூட்டிப்போய்விட்டார். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்து வந்தவர் பொத்தானின் அப்பா. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. பைப், ஆணி, பெயிண்ட். கழுத்தில் இன்ச் டேப் தொங்க அப்படியே வந்திருந்தார்.

"பெருசானா என்னவாகப் போறன்னு கேட்டேன். மிஸ் ஆகப் போறேங்கறான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எங்க மாமனார் முன்னாடி வச்சுச் சொல்றான். பொம்மைய இடுப்புல கட்டிக்கிட்டு வீடு முழுக்கத் திரியறான். என்னங்க சொல்லித் தர்றீங்க?"

"நான் எதுவும் சொல்லித் தரலீங்க," என்றார் லாரிக்காரர். "நான் பாட்டுக்கு வேலயப் பாக்கறேன். அவன் பாத்துக்கிட்டு நிக்கறான்."

"அதான் பிரச்சன."

அதுதான் பிரச்சனை என்பதில் இருவருக்குமே ஒரே கருத்து. பொத்தான் மறுநாளிலிருந்து வரவில்லை. லாரிக்காரர் அவன் பாயை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஒரு வாரம் அந்தப் பக்கம் பார்க்காமலேயே நடந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை ஹார்டுவேர்க்காரர் காப்பக வாசலில் நின்றார். ஒரு கையில் பொத்தான், இன்னொரு கையில் பிறந்து நாற்பத்தைந்து நாளான பெண் குழந்தை. குழந்தை கத்திக்கொண்டிருந்தது. தகப்பன் முகத்தில் மூன்று நாள் தாடி. மனைவிக்கு அறுவைசிகிச்சைத் தையல் பிரிந்து மறுபடி ஆஸ்பத்திரி. மாமியாருக்கு முழங்கால் வலி. கடையை மைத்துனன் கையில் விட்டிருக்கிறார்.

"பையன மட்டும் விட்டுட்டுப் போறேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "இது... இது நிறுத்த மாட்டேங்குது."

லாரிக்காரர் மேசைமேல் துணியை விரித்தார். குழந்தையை வாங்கிக் கிடத்தி மெதுவாக ஒரு முறை சுற்றிக் காட்டினார். அவிழ்த்தார். "இப்ப நீங்க."

ஹார்டுவேர்க்காரர் சுற்றியதில் ஒரு கால் வெளியே வந்தது. அடுத்த தடவை தலையே மூடிக்கொண்டது. ஐந்தாவது தடவை நின்றது. குழந்தை ஒரு விக்கலோடு அடங்கித் தகப்பனை உற்றுப் பார்த்தது. அவர் பார்வையை விலக்காமல் அப்படியே நின்றார். கண் கலங்கியதா என்று லாரிக்காரர் பார்க்கவில்லை. அந்த அளவு நாகரிகம் லாரிக்காரர்களுக்கும் உண்டு.

"பைப் மூட்டுக்கு டேப் சுத்தற மாதிரிதான்," என்றார் ஹார்டுவேர்க்காரர் கடைசியில். "எங்களுக்குத் தெரியாததா."

நன்றி சொல்லவில்லை. ஆனால் பொத்தான் அன்றிலிருந்து தினமும் வந்தான், பள்ளிக்கூடம் சேரும்வரை. அந்தப் பெண் குழந்தையும் பிற்பாடு அங்கேயே வளர்ந்தது. கடைத்தெருவில் யாரோ கேட்டதற்கு, குழந்தை சுற்றத் தன் அம்மாதான் கற்றுக்கொடுத்தார் என்று ஹார்டுவேர்க்காரர் சொன்னதாகக் கேள்வி. லாரிக்காரருக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் மனைவியிடம் அதையே சொல்லிப் புலம்பினார். மனைவி, "பக்கத்து வீட்டுக் கஞ்சிய நீங்க காய்ச்சுனதுன்னு நான் எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா" என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

மகள் கல்லூரி விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று எழுதியிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருடப் படிவத்தில் அவளே 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினாள். அதையும் கேட்கவில்லை.

இப்போது பதினோரு வருடமாகிறது. சென்ற மாதம் மீசை அவரைப் பார்க்க வந்தார். பார்க்க என்பதைவிடச் சிரிக்க வந்தார் என்பதே சரி. குழந்தைகளெல்லாம் பாய்களில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. மீசை குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, அதில் அகப்பட்டு, லாரிக்காரர் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. இருவரும் சிரிப்பை அடக்கத் தரையில் படுத்துவிட்டார்கள்.

"இதுங்க எவ்வளவு நேரம் தூங்கும்?" என்று மீசை கிசுகிசுத்தார்.

"ஒண்ணர மணி நேரம்."

"நீ?"

"நானும்தான்."

"அதுக்கும் சம்பளமா?"

"அதுக்கும்தான்."

மீசை படுத்தபடியே சட்டைக் காலரைச் சரிசெய்து, தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, "ஒங்க அக்கா எத்தன மணிக்கு வருவாங்க?" என்று கேட்டார்.