மிதிக்கச் சொல்லு, விடச் சொல்லு

அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாத இரண்டு வருடங்களில் எங்கள் குடும்பத்திலேயே முக்கியமான ஆள் நான்தான். பாகம் பிரித்தபோது ஒரு வரப்பு யாருடையது என்று வந்த சண்டை. அதன்பிறகு மோட்டார் முறை யாருக்கு, அறுப்பு மிஷின் என்றைக்கு வருகிறது என்று எதுவானாலும் எட்டு வயதுக்காரியான என் வழியாகத்தான் போய்வந்தது. “சித்தப்பாகிட்ட சொல்லும்மா” என்று அப்பா ஆரம்பிப்பார். இரண்டடி தள்ளி நிற்கும் சித்தப்பாவுக்கு அதுவரை எதுவும் காதில் விழாது. நான் திரும்பிச் சொன்ன பிறகுதான் விழும். எனக்கு அதில் சொல்லமுடியாத பெருமை.

அந்தத் தை மாதம் பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். “தம்பிங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து இறங்கணும். இல்லாட்டி நான் மணையில உக்கார மாட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டார். அம்மாவும் சித்தியும் முதல் நாளே வேனில் போய்விட, விடிகாலையில் சித்தப்பாவின் ஜீப்பில் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். சித்தப்பா ஓட்ட, பக்கத்தில் நான். பின்சீட்டில், திருமாங்கல்யம் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா.

அது மலைப்பக்கத்தில் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற ஜீப். சேற்றிலும் ஏறிப் போகும் பெரிய டயர்கள். பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தது. அன்றைக்கு வழியெங்கும் பனி. வயலும் வாய்க்காலும் தெரியவில்லை. தென்னை மரங்கள் அடிமரம் இல்லாமல் தலை மட்டும் மிதந்து வந்தன. எப்போதாவது ஒரு பாலம் வரும், கீழே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கரைந்துவிடும். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது.

கும்பகோணம் தாண்டி, மாயவரத்தை நெருங்கும்போது வண்டி கனத்துப்போனது. சித்தப்பா எவ்வளவு மிதித்தும், இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் ஊர்ந்தது. ஏதோ கருகும் வாசனை வேறு வந்தது. கோயில் ஹோமத்தின் புகைதான் இவ்வளவு தூரம் வந்து எங்களை அழைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“வண்டிய ஓரங்கட்டச் சொல்லும்மா” என்றார் அப்பா.

எங்கள் டிராக்டருக்கு எது வந்தாலும் அப்பாவே பார்த்துக்கொள்வார். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார். முன்சக்கரங்கள் சில்லென்று இருந்தன. பின்சக்கரங்கள் இரண்டும் அடுப்பாய்க் கொதித்தன.

“ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டாரான்னு கேளு.”

“எப்பவோ எடுத்தாச்சுன்னு சொல்லு.”

அப்பா குனிந்து அதன் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். தளர்வாகத்தான் இருந்தது. சூடு அடங்கியதும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். அசையவில்லை. பிரேக்கில் இருந்த சின்ன நிப்பிளை ஸ்பேனரால் தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சியடித்தது. சக்கரம் ராட்டினம்போல் சுற்ற ஆரம்பித்தது. நான் கைதட்டினேன். நிப்பிளை மூடிவிட்டு, “பிரேக்க ஒரு தடவ மிதிச்சு விடச் சொல்லு” என்றார். சொன்னேன். மறுபடி இறுகிக்கொண்டது.

பிறகு வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். முன்னாலிருந்து வரும் ஆயில், ஒரே ரப்பர் ஹோஸ் வழியாக இறங்கித்தான் இரண்டு சக்கரங்களுக்கும் பிரிகிறது. ஹோஸின் மேல் மூட்டைத் தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. கீழ் மூட்டைத் தளர்த்தினார். விட்டது.

“வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள ஊதி அடைச்சிருக்கு. மிதிச்சா ஆயில் போவுது, திரும்பி வர மாட்டேங்குது. ஹோஸ் மாத்தணும்னு சொல்லு” என்றார், சித்தப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் குரலில்.

சித்தப்பா கழற்றிய ஹோஸைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்த ஒரு பைக்கில் ஏறி மாயவரத்துக்குப் போனார். பத்தரைக்கு முகூர்த்தம். அப்போதே மணி எட்டு.

அப்பாவும் நானும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். பனி விலக விலக, இல்லாத இடத்திலிருந்து வயல்கள் முளைத்து வந்தன. சம்பா கதிர் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. அப்பா, “சித்தப்பா வீட்டுப் பாப்பா நடக்குதா?” என்று கேட்டார்.

“ஓடவே செய்யிறாப்பா. சித்தப்பாகிட்ட கேட்டு வரவா?”

“வேணாம்” என்று வயலைப் பார்த்தார்.

சித்தப்பா, கடைக்காரரை வீட்டிலிருந்தே கூட்டிவந்து கடையைத் திறக்கவைத்து, புது ஹோஸும் ஒரு டப்பா ஆயிலுமாகத் திரும்பியபோது ஒன்பது தாண்டிவிட்டது. மாட்டியாயிற்று. இனி குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

“மிதிக்கச் சொல்லு.” ஓடினேன்.

“மிதிச்சாச்சுன்னு சொல்லு.” ஓடி வந்தேன்.

“விடச் சொல்லு.” மறுபடி ஓடினேன்.

என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேலை அதற்குமுன் வந்ததில்லை. ஆனால் நான் வந்து சேர்வதற்குள் சித்தப்பாவின் கால் முந்திவிடும், இல்லையென்றால் அப்பாவின் கை பிந்திவிடும். காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நாலாவது தடவை, நான் பாதி வழியில் இருக்கும்போதே பெடல் மேலே வந்துவிட்டது.

வண்டிக்கடியிலிருந்து அப்பா கத்தினார்: “டேய்! விடாதடா! புடிச்சுக்கோ!”

பெடல் மறுபடி கீழே இறங்கியது.

“புடிச்சிருக்கேண்ணே” என்றார் சித்தப்பா.

“இப்ப விடு.”

“விட்டாச்சுண்ணே.”

“இன்னொரு தடவ. மெதுவா.”

“சரிண்ணே.”

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஜீப்பின் நடுப்பக்கத்தில் நான் நின்றேன். பேச்சு என்னைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது. பசிதான் என்று முடிவுகட்டி, போகிற வழியில் அவசரமாக ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா இப்போது முன்சீட்டில். எனக்குப் பின்சீட்டும் மஞ்சள் பையும்.

நாங்கள் போய் இறங்கும்போது பத்தே கால். பெரியப்பா மணைப்பக்கம் போகாமல் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தம்பிகள் இருவரின் ஆயில் கறுத்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் கை கழுவப் போனதும் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“பேசிக்கிட்டாங்களாடி?”

“பேசிட்டாங்க பெரியப்பா. என்னைய ஒரு வார்த்த கேக்காமலே பேசிட்டாங்க” என்றேன்.

பெரியப்பாவின் கண் நிறைந்து வழிந்தது. நியாயம் தெரிந்த மனிதர் இந்தக் குடும்பத்தில் இவர் ஒருவர்தான், எனக்காக அழுகிறார் என்று நினைத்து, நானும் தைரியமாக அழ ஆரம்பித்தேன்.