ரயில் நிற்காத ஊரின் நோலீன்

எங்கள் குடியிருப்புக்கு ஸ்கைலார்க் வாட்டர்ஸ் என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்க நோலீன் ஹார்டிகன் எப்போதும் தயாராக இருந்தார். "வானம்பாடியையும் காணோம், தண்ணியையும் காணோம். வித்தவன் மட்டும் நல்லா பாடிட்டுப் போயிட்டான்" என்பார்.

மெல்பர்னின் மேற்கு ஓரத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தைக் கூறு போட்டு விற்றபோது வாங்கி வந்தவர்கள் நாங்கள். விற்பனை அலுவலகத்துச் சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம், பூங்கா, கடைத்தெரு, நட்டநடுவே நீலப் புள்ளியாக ஒரு ரயில் நிலையம். புள்ளிக்குக் கீழே 'எதிர்காலத்தில்' என்று பொடி எழுத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நம்பித்தான் இருப்போம். தண்டவாளம் கண்ணெதிரே ஓடியது. மேடை கட்டிக் கூரை போட எவ்வளவு காலம் ஆகிவிடும்?

தண்டவாளம் இருந்தது, ரயிலும் வந்தது, நிற்கத்தான் இல்லை. வெளியூர் ரயில்கள் எங்கள் வேலியை உரசிக்கொண்டு பறக்கும். ஊரை விட்டு வெளியேற இருந்ததோ ஒரே சாலை. அந்தக் காலத்துப் பண்ணைச் சாலை, போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி. அது ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆக, எங்களை ஏற்றிக்கொள்ளாத ரயிலுக்கு வழிவிட்டுத் தினமும் காலையில் காருக்குள் காத்துக் கிடந்தோம். பஸ் கிடையாது. வருடத்துக்கு வருடம் புதுத் தெருக்கள் முளைத்தன. சாலை மட்டும் ஒரு முழம் அகலமாகவில்லை.

நோலீன் என் எதிர்வீட்டுக்காரர். பதினெட்டு வயதில் டிராம் கண்டக்டராகச் சேர்ந்து, அப்படியொரு வேலையே நகரத்தில் இல்லாமல் போகும்வரை தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவர். பிறகு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் கெவ் வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு வேலை செய்து இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்சுக்கு நோலீன் ஒருவரே போதும். மகள் டீகனும் அவர்களோடு இருந்தாள். அவளுடைய துணைவன் தூரத்துச் சுரங்கம் ஒன்றில் மாதக்கணக்கில் வேலைக்குப் போய்விடுகிறவன். அவள் அப்போது நிறைமாதம்.

பிப்ரவரி வெயில் காலையிலேயே சுட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து டீகனுக்கு வலி எடுத்தது. கெவ் காரை எடுத்தார். தெருமுனை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். கேட் மூடியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பள்ளம். ஒதுங்க இடமில்லை, திரும்பவும் வழியில்லை.

"ஹார்ன் அடி கெவ்!"

"யாரைப் பார்த்து அடிக்கிறது நோல்? எல்லாருந்தான் நிக்கிறாங்க."

"அம்மா, வருதும்மா" என்று பின்சீட்டில் டீகன் கத்தினாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுடி அதை."

"நீயே வந்து சொல்லு!"

நோலீன் காரைவிட்டு இறங்கினார். நெரிசல் நேரத்து டிராமின் கடைசி இருக்கைவரை கேட்கப் பழகிய குரல் அது. "நர்ஸ் யாராவது இருக்கீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்துக்கு நாலைந்து கார்களின் கண்ணாடி இறங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மரிஸா என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ், காரை அப்படியே சாலையில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கழுத்தில் கொடி சுற்றியபடி, நீலம் பாரித்து வெளியே வந்தது குழந்தை. சத்தமே இல்லை. மரிஸா கொடியை எடுத்துவிட்டு, கெவ்வின் சட்டையால் அதன் முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து இன்னொரு ரயில் தடதடவென்று போனது. அது போய் முடிந்த பிறகுதான் குழந்தை அழுதது. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதால், அதிலிருந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடி வந்து சேர்ந்தார்கள். வியர்த்து ஒழுகிய ஒருவர், "மன்னிச்சிடுங்க, வழியே இல்லை" என்று நோலீனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். 'அவசரக்காரக் குட்டி' என்று செய்தி. வாசிப்பவர் சிரித்தார். ஊரே அதை இனிப்பான கதையாக்கிக்கொண்டது. அடுத்த வாரம் போக்குவரத்து அமைச்சரின் அலுவலகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ரயில் டிரைவர் தொப்பி போட்ட கரடி பொம்மை, கூடவே 'எங்கள் சின்னப் பயணிக்கு வாழ்த்துகள்' என்று அட்டை.

நோலீன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது. முகமெல்லாம் சிவந்திருந்தது.

"பாத்தியா? பொம்மை அனுப்பியிருக்காங்க. புள்ள அழலைன்னா என்ன அனுப்பியிருப்பாங்க? மலர்வளையமா?"

அந்த வாரமே நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். நானும் போனேன். பொதுமக்கள் கேள்வி நேரத்தில் எழுந்து மேயரையும் உறுப்பினர்களையும் கிழித்துத் தோரணம் கட்டினார். "குப்பைத் தொட்டிக்கு என்ன கலர் மூடின்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. எங்க ரோட்டைப் பத்தி எப்ப பேசுவீங்க?" என்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஒல்லியான ஒருவர் எங்களிடம் வந்தார். ஏட்ரியன் டுவோங், நகராட்சியில் போக்குவரத்து விவகாரம் பார்ப்பவர்.

"அந்தச் சாலை எங்களுதே இல்லைங்க. அது மாநில அரசு சாலை. ரயில் அவங்களுது, பஸ்ஸும் அவங்களுது. எங்களால கேக்கத்தான் முடியும்."

"கேட்டீங்களா?"

"பல வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கோம்."

"பிச்சைக்காரன்கூட ஒரு வீட்ல போடலைன்னா சத்தம் போட்டுத் திட்டிட்டுப் போவான். உங்களுக்கு அதுகூடத் தெரியாதா?"

ஏட்ரியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த மாசம் அமைச்சர் ஆபீசுக்குப் போறோம். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார்.

போனார். மேயர், ஏட்ரியன், நோலீன் மூவரும். அமைச்சர் வரவில்லை. அவருடைய ஆலோசகர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கைபேசியை மேசையில் குப்புறக்கூட வைக்கவில்லை. மேயர் பேசினார், ஏட்ரியன் படங்கள் காட்டினார். ஆலோசகர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "உங்க பக்கத்து ஜனங்க கார்ல போகத்தான் விரும்புறாங்க. பஸ்ல போற பழக்கம் அங்க ரொம்பக் கம்மின்னு எங்க ஆய்வு சொல்லுது" என்றார்.

"பஸ்ஸே இல்லாத ஊர்ல யாரும் பஸ்ல போகலைன்னு ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார் நோலீன். "அதுக்கு எத்தனை பேரு வேலை பாத்தாங்க?"

பையிலிருந்து கரடியை எடுத்து மேசையில் வைத்தார். "இதை உங்க அமைச்சர்கிட்டக் குடுத்துடுங்க. என் பேத்திக்கு பொம்மை நிறைய இருக்கு. மூச்சு நின்னா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு ரோடுதான் இல்லை."

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் ஏட்ரியன் ஒரு விஷயத்தை உடைத்துச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து நோலீனுக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. "உங்க தொகுதி அவங்களுக்கு உறுதியான தொகுதி. நீங்க எப்படியும் அவங்களுக்குத்தான் போடுவீங்க. அதனால ஆளுங்கட்சி செலவு பண்ணாது. எப்படியும் ஜெயிக்க முடியாதுன்னு எதிர்க்கட்சியும் எட்டிப் பாக்காது."

"அதாவது, விசுவாசமா இருந்ததுக்குத் தண்டனை."

"நான் அப்படிச் சொல்ல முடியாது. அரசாங்கச் சம்பளம்."

"நீ சொல்ல வேண்டாம்ப்பா. நான் சொல்லிக்கிறேன்."

நோலீனின் அப்பா, தாத்தா எல்லோரும் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுச் செத்தவர்கள்.

மறுநாள் காலையிலேயே நோலீன் வேலையைத் தொடங்கிவிட்டார். கேட் மூடியதும் நிற்கிற கார்களின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டுவார். 'இங்கேயும் ஆள் இருக்கோம்' என்று மஞ்சள் ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தார். "எங்கேயும் ஓட முடியாது இல்ல? அப்ப நான் சொல்றதைக் கேளு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். லாரி ஓட்டும் பல்விந்தர் சிங், குருத்வாராவிலிருந்து பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக் கொண்டுவந்து, நிற்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். காலை நெரிசல் ஒரு பொதுக்கூட்டம்போல் ஆனது. மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் அங்கேதான் பழகிக்கொண்டோம்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினரை வந்து பார்க்கச் சொல்லி அழைத்தார் நோலீன். காலை ஏழரைக்கு வாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார். அந்த ஆள் பதினொன்றரைக்கு வந்தார். காலியாகக் கிடந்த சாலை நடுவில் நின்று, "நெரிசல் எங்க? நான் நல்லாத்தானே வந்தேன்?" என்று போட்டோவுக்குச் சிரித்தார்.

"ராத்திரி வந்திருந்தா இன்னும் நல்லா வந்திருப்பீங்க. கண்ணை மூடிட்டு வந்தா இன்னும் விசேஷம்" என்றார் நோலீன். அந்தப் பேச்சு கைபேசியில் படமாகி ஊரெல்லாம் சுற்றியது.

எல்லோரும் அவர் பக்கம் இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முனைவீட்டு வார்விக், வீட்டை விற்க முயன்றுகொண்டிருந்தவர், ஒருநாள் தெருவிலேயே மறித்தார். "நீங்க கத்தக் கத்த இங்க வீட்டு விலை இறங்குது, தெரியுமா? வாங்க வர்றவன் எல்லாம் ரோட்டைப் பத்திக் கேக்குறான்."

"கேக்கட்டும். நம்மகிட்ட யாரும் சொல்லலை இல்ல, அவனுக்காவது தெரியட்டும்."

"நான் விக்கிற வரைக்குமாவது வாயை மூடக் கூடாதா?"

"வித்துட்டு எப்படிப் போவே வார்விக்? கேட்டு மூடியிருக்குமே."

அன்று இரவு யாரோ நோலீன் வீட்டு அஞ்சல் பெட்டியை உதைத்துச் சாய்த்துவிட்டார்கள். கெவ் முழங்கால் வலியோடு மண்டிபோட்டு அதை நிமிர்த்தினார். "போதும் நோல், விட்டுடலாம்" என்று அவர் கெஞ்சியதை நான் கேட்டேன். நோலீன் சிமெண்ட் கலந்து கொடுத்தார்.

நவம்பரில் மாநிலத் தேர்தல். நோலீன் நிற்கவில்லை. யாருக்கும் ஓட்டுக் கேட்கவும் இல்லை. வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூட வாசலில், தேர்தல் நாளில் வழக்கமாக ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வரிசையில் வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "பழக்கத்துக்குப் போடாதீங்க. இந்த ஒரு தடவை யோசிச்சுப் போடுங்க." தலைமுறை தலைமுறையாக மலைபோல் இருந்த அந்தக் கட்சியின் முன்னிலை கரைந்து, சில நூறு ஓட்டில் தொங்கியது. அந்த உறுப்பினர் மூச்சு வாங்கித்தான் ஜெயித்தார்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பல வருடம் நகராட்சி கெஞ்சியும் அசையாதவர்கள், நாலு மாதத்தில் தேடி வந்தார்கள். பஸ் விட்டார்கள். கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டுவதாக அறிவித்தார்கள். பணம் இல்லை, தேவை இல்லை, ஆய்வு முடியவில்லை என்ற எல்லாமே பொய் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. நீலம் பாரித்த குழந்தைக்கு இரங்காதவர்கள் ஓட்டுக்கு இரங்கினார்கள்.

நோலீன் அடுத்த நகராட்சித் தேர்தலில் நின்று உறுப்பினர் ஆனார். மேம்பாலத் திறப்பு விழாவில் புது அமைச்சர் ஒருவர் ரிப்பன் வெட்டி, "இந்த அரசின் தொலைநோக்கு" என்று பேசினார். மேடையில் நோலீனுக்கு நாற்காலி இல்லை. கீழே கூட்டத்தில் மரிஸாவுக்குப் பக்கத்தில் நின்றவர், "தொலைநோக்கா? பக்கத்துல இருந்தப்பவே உங்களுக்குத் தெரியலையே!" என்று குரல் கொடுத்தார். ஒலிபெருக்கி இல்லாமலே மேடைக்குக் கேட்டது. அமைச்சர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டார்.

ரயில் நிலையம் இன்னும் வரவில்லை. வேலி போட்ட காலி மனையில் புல் வளர்ந்து கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்கு மேற்கே இன்னொரு மேய்ச்சல் நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கான திட்டம் நகராட்சிக்கு வந்தது. சாலையும் பஸ்ஸும் முதலில், வீடு அப்புறம் என்று நோலீன் எதிர்த்து வாக்களித்தார். பெரும்பாலோர் மறுபக்கம். தோற்றுப்போனார். நகராட்சி மறுத்திருந்தாலும் மேலே இருக்கிறவர்கள் அனுமதித்திருப்பார்கள் என்று ஏட்ரியன் ஆறுதல் சொன்னதற்கு, "அது ஆறுதலாய்யா? எரியிறதுல நீயே எண்ணெய் ஊத்துறியே" என்று அவர்மேல் பாய்ந்தார்.

அந்தப் புது இடத்தில் முதலில் குடிவந்தவர்களுக்காகப் போன சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். வந்தது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் யோகா வகுப்பு என்று நினைத்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் எழுந்து போகப் பார்த்தார்கள்.

"உக்காருங்க" என்றார் நோலீன். "காலையில வேலைக்குப் போக உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பாயைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.