கால் தட்டாத சேறு

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் விடுமுறையில் முத்துப்பேட்டை லகூன் என்கிற கடற்காயலில் நடந்தது இது. எங்களுக்கு வலங்கைமான் பக்கம் வயல். கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்பதால், நாற்று விடுவதிலிருந்து அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைப்பது வரை எல்லாம் என் தலையில்தான். சேறு எனக்குப் பிறந்த வீடு மாதிரி. அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

என் கொழுந்தன் மனைவி சென்னையில் வளர்ந்தவள். ஊருக்கு வந்தால் ஆசையாக வயலைப் பார்க்க வருவாள். ஆனால் வரப்போடு சரி. கொலுசில் ஒரு பொட்டு சேறு பட்டாலும் பம்ப்செட்டுக்கு ஓடுவாள். "நீ சேத்துல கால் வைக்கிற அன்னிக்குத்தான் இந்த வீட்டு மருமக" என்று அவளை ஓட்டுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

கயாக்கில் போகலாம் என்றது அவள்தான். இருவர் உட்காரும் சின்னப் படகு, ஆளுக்கொரு துடுப்பு. அலையாத்திக் காட்டு வாய்க்கால் வழியாக லகூனுக்குள் போய், அங்கிருக்கும் திட்டுகளைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். கிளம்பும் முன், படகுகளைக் கூட்டிப்போன வழிகாட்டி, வந்திருந்த எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். சேற்றைப் பற்றி ஏதோ ஆரம்பித்ததும், எனக்கா சேற்றைப் பற்றிச் சொல்கிறார் என்று நான் டீ குடிக்க ஒதுங்கிவிட்டேன். அவள் மட்டும் பரீட்சைக்குப் படிக்கிறவள் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் திட்டு வரைக்கும் அவ்வளவு அழகு. நாரைகள் எங்களைச் சட்டையே செய்யவில்லை. அடுத்த திட்டுக்கு மற்ற படகுகள் சுற்றிக்கொண்டு போக, நான் குறுக்கே விட்டேன். கடல் வற்றுகிற நேரம் அது. பாதி வழியில் படகின் அடி சேற்றில் தட்டி நின்றுவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை.

"விசில் ஊதலாங்க்கா, அவரு வந்துடுவாரு" என்றாள், லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலைப் பிடித்துக்கொண்டு.

"சேத்துக்குப் பயந்தா நம்ம ஊர்ல பொழைக்க முடியுமா? நீ உக்காரு, நான் எறங்கித் தள்றேன்."

வேண்டாங்க்கா என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டேன்.

நடவு வயலில் எவ்வளவு சேறு இருந்தாலும் அடியில் ஒரு கெட்டித் தரை உண்டு. முழங்கால் வரை போனதும் கால் அதில் தட்டும். அதை நம்பித்தான் அடுத்த காலைத் தூக்குவோம். என் கால் அந்தத் தரையைத் தேடியது. முழங்கால் போனது, தொடை போனது, தரை வரவில்லை. அந்தக் காலை இழுக்க அடுத்த காலை ஊன்றினேன். அதுவும் போனது. நான் உந்திய வேகத்தில் படகு எட்டாத தூரத்துக்கு நகர்ந்திருந்தது. அசைய அசைய இடுப்பு வரை இறங்கிவிட்டேன். சாவு பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

அவள் விடாமல் விசில் ஊதினாள். யாரும் வரவில்லை. என் பாரம் இல்லாததால் படகு லேசாகியிருந்தது. துடுப்பைச் சேற்றில் ஊன்றி ஊன்றி அதை என் பக்கம் கொண்டுவந்தாள்.

"ஆடாதீங்க்கா. நிக்கப் பாக்காதீங்க. அப்படியே சாஞ்சு படுங்க, காலையில அவரு சொன்னாரு."

என்னால் முடியவில்லை. படுத்தால் மூழ்கிவிடுவேன் என்று உடம்பு அடம் பிடித்தது. மாட்டேன், மாட்டேன் என்று குழந்தை மாதிரி அழுதேன்.

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு கால் இரண்டையும் படகுக்குள் கொக்கி போல மாட்டிக்கொண்டு, அந்தச் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டாள். மார்பு, தோள், முகவாய் எல்லாம் சேறு.

"பாருங்க, நான் முங்கல. நீங்களும் படுங்க, என் கையப் புடிச்சுக்குங்க."

அவள் முங்கவில்லை. கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். ஒரு கால் மெல்ல இளகியது. வெகுநேரம் கழித்து மற்றதும் வந்தது. தவழ்ந்து படகைப் பிடித்து, இருவரும் எப்படியோ ஏறிக்கொண்டோம். கூட்டிப்போனவர் எங்களைத் தேடிக்கொண்டு வருவது அப்போதுதான் தூரத்தில் தெரிந்தது.

தலைமுடி வரை சேறாக இருந்தவளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க காலு மட்டுந்தானேக்கா வைக்கச் சொன்னீங்க" என்றாள்.

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே அவள் உதடு துடித்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

இப்போதும் நடவுக்கு வயலில் இறங்கினால், கால் தரையைத் தொடும் வரை ஒரு நொடி மூச்சு நின்றுவிடுகிறது. தொட்டதும், வரப்பேறி அவளுக்கு ஃபோன் செய்து ஒன்றுமில்லாத ஏதாவதைப் பேசிவிட்டு வந்தால்தான், அடுத்த காலை எடுத்து வைக்க எனக்குத் தைரியம் வருகிறது.