நகம் பதியாத ரப்பர்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய வினாத்தாள்களுக்கு அடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் துண்டு கிடக்கிறது. கறுப்பு வெளிறி, விளிம்பெல்லாம் வெடித்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். பல்லேகல பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவில், ஒன்றோடொன்று மோதி விளையாடும் பம்பர் கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

"நகத்தால அழுத்திப் பாருங்க டீச்சர்" என்றார். கொழுந்தியாளை டீச்சர் என்று கூப்பிடுவது அவருடைய கேலி. அழுத்தினேன். தடமே விழவில்லை. "நல்ல ரப்பர்னா நகம் பதியும். இது கல்லாப் போச்சு. மாத்துங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

அத்தான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் நான் உயர்தர பௌதிக வகுப்பில் பலகை நிறைய எழுதி விளக்கும் கணத்தாக்கு, அதாவது விசையும் நேரமும் சேர்ந்த கணக்கு, அவருக்குக் கைப்பழக்கம். மேலே கம்பிவலை, கீழே இரும்புத் தளம். காரின் பின்னால் நிற்கும் கம்பம் வலையைத் தொட்டு மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுவரும், அது தளத்தின் வழியே திரும்பிப் போகும். ஓரத்துப் பெட்டியில் இருக்கும் குமிழைத் திருப்பினால் எல்லாக் கார்களின் வேகமும் சேர்ந்து கூடும், குறையும். மோதும்போது காரைச் சுற்றியுள்ள ரப்பர் நசுங்கி, கார் நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும். நேரம் நீண்டால் விசை குறையும். ரப்பர் இறுகிவிட்டால் அந்த நேரம் கிடைக்காது, அடி நேரே கழுத்துக்குப் போகும்.

அவர் பயந்தபடியே நடந்தது. பின்னாலிருந்து ஒரு கார் மோதியதில் ஒரு பெண்ணின் கழுத்து வெடுக்கென்று பின்னால் மடங்கி, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலாளி என்னை வரச்சொன்னார். தானே கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்க டீச்சர். வண்டி பாதுகாப்பானதுன்னு கணக்குப் போட்டு ஒரு கடிதம் குடுங்க. உங்க அத்தானுக்கும் அதுதான் நல்லது." அத்தானைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பாதியாவது பொய். அவ்வளவு பெரிய மனிதர் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டது எனக்குப் பிடித்திருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காரின் எடை, வேகம், புது ரப்பர் நசுங்க எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் போட்டு, கழுத்து காயப்படும் அளவுக்கு அடி வராது என்று இரண்டு பக்கத்தில் நிறுவினேன். கணக்கில் ஒரு பிழை கிடையாது. ரப்பர் துண்டு அப்போதும் என் வீட்டில்தான் இருந்தது.

ரப்பர் நல்லது என்று ஆகிவிட்டால் குற்றம் வேகத்தில்தானே இருக்கவேண்டும்? வேகக் குமிழ் இருந்தது அத்தானின் கையில். என் கடிதத்தைக் காட்டியே அவரை வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு முதல்நாள் மாலை அவர் வந்தார்.

"அந்தத் துண்டைக் குடுங்க டீச்சர். அதக் காட்டினா போதும்."

துண்டு வெளியே போனால் என் கடிதம் சந்தி சிரித்துவிடும். அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றபடி, "குப்பையோட போயிருக்கும் அத்தான்" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், அலுமாரியையும் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கார்கள் இப்போது புதுப் பெயின்டில் ஓடுகின்றன. அத்தான் ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் காவல் இருக்கிறார். கடிதத்தைப் பற்றியோ துண்டைப் பற்றியோ அக்காவுக்கு இன்றும் எதுவும் தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி இருவரும் வருகிறார்கள். என்னிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால், "உன் தங்கச்சிகிட்ட கேளு" என்று அக்காவிடம் சொல்கிறார். டீச்சர் என்று அவர் வாயில் வருவதே இல்லை.

இந்த முறை கொடுத்துவிடுவது என்று துணிந்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அலுமாரியைத் திறந்தேன். வினாத்தாள்களுக்கு அடியில் கையை விட்டேன்.

"என்னடி தேடுற?" என்றாள் அக்கா.

அத்தான் தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை மட்டும் நின்றது.

"ஒண்ணுமில்லக்கா, ஒரு பேப்பர்" என்றேன். அத்தானின் கை மறுபடி பிசையத் தொடங்கியது. நகம் வலிக்கும்வரை ரப்பரை அழுத்திவிட்டு அலுமாரியை மூடினேன்.